சத்து மாத்திரை நுரையீரலைக் காக்குமா?

விசைத்தறியில் முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவர், பீடியை இன்னும் முழுமையாக விடவில்லை. இன்ஹேலர் தீர்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அந்தப் பணத்தில் மகன் வாங்கித் தந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் பையில் இருந்தன. “ஏனுங்க டாக்டர், இது நுரையீரலைச் சுத்தம் பண்ணுமாமுங்களே?” என்று கேட்டார்.

நம்பிக்கையின் அடிப்படை

பீடிப் புகை, விறகடுப்புப் புகை, தூசி ஆகியவை நுரையீரல் திசுக்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் அவற்றைத் தணிக்கின்றன. எனவே, இவற்றை மாத்திரையாகக் கொடுத்தால் நன்மை கிட்டும் என மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தது.

ஆய்வுகள் காட்டியவை

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக, 18 சதவீதம் கூடியிருந்தது. இருமலும் மூச்சுத்திணறலும்கூட மாத்திரையால் குறையவில்லை. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ சேர்த்து வழங்கிய மற்றோர் ஆய்வு, இதே காரணத்தால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீன் மருந்துக்கும் ஆன்டிஆக்சிடன்ட் இயல்பு உண்டு. நாளொன்றுக்கு 600 மி.கி. வீதம் மூன்றாண்டுகள் கொடுத்தும் நுரையீரல் திறன் குறைவதை அது தடுக்கவில்லை என 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு கூறியது. 1,200 மி.கி. அளவில், நோய் திடீரென முற்றும் நிகழ்வுகள் ஓரளவு குறைந்ததாக 2014-இல் சீன ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே, அது யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இன்ஹேலரை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அதைப் பயன்படுத்தும் முறையை ஒவ்வொரு வருகையிலும் செய்து காட்டுங்கள்.

• புகைபிடிப்பவர்களும் முன்பு புகைபிடித்தவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

• இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் வைட்டமின் ஈ மாத்திரையைத் தாமாகத் தொடங்கலாகாது, இரத்தக்கசிவு நேரலாம்.

• நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவற்றை உணவில் சேருங்கள். உணவிலுள்ள பீட்டா கரோட்டினால் அத்தகைய கேடு காணப்படவில்லை. உடல் மெலியாதிருக்கப் பருப்பும் முட்டையும் உதவும்.

• பீடி, சிகரெட்டை விட 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

பெரியவரின் மகன் தந்தையின் மீதுள்ள அன்பினாலேயே அம்மாத்திரைகளை வாங்கினார். அவரிடம் நான் கூறியதையே உங்களிடமும் கூறுகிறேன்: கையிலுள்ள பணம் முதலில் இன்ஹேலருக்குச் செல்லட்டும். அடுத்த முறை வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் தயங்காமல் எடுத்து வாருங்கள்.