பதினாறுக்குப் பதினாறில் ஒரு மலை

போடிக்குப் பக்கத்திலுள்ள சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் எல்லாம் பச்சை. கண்ணெதிரே தென்னை, தள்ளி மாந்தோப்பு, அடிவாரத்தில் இலவமரம், அதற்குமேல் காடு, மலையேறிப் போனால் நிழல்மரங்களுக்கு அடியில் ஏலம். இந்தக் காட்சியை 1990-களில் வந்த கணினி வியூக விளையாட்டு ஒன்றின் நிலப்படமாக வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தென்னைக்குக் கிடைப்பது அகலத்தில் 16, உயரத்தில் 16, ஆக 256 சதுரப் புள்ளிகள், அதாவது பிக்சல்கள். அதற்குள் தென்னை தென்னையாகத் தெரிய வேண்டும். பக்கத்து மாமரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

பிக்சல் ஓவியத்தின் இந்தச் சிக்கனம் யாரும் ஆசைப்பட்டு வரவழைத்ததல்ல. 1992-இல் வந்த 'டூன் 2' விளையாட்டைப் பாருங்கள். கட்டடம் எழுப்பி, மூலப்பொருள் சேர்த்து, படை திரட்டி எதிரியை மடக்கும் விளையாட்டு வகைக்கு இலக்கணம் போல அமைந்தது அது. அதன் திரை 320-க்கு 200 புள்ளி. நிலமோ 64-க்கு 64 கட்டம், கட்டத்துக்கு 16-க்கு 16 புள்ளி. மொத்த நிலத்தையும் ஒரே படமாக வரைந்திருந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் ஆகியிருக்கும். புள்ளிக்கு ஒரு பைட் என்றாலே ஒரு மெகாபைட் காலி. அக்கால டாஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. உதாரணத்துக்கு 200 சிறு படங்களை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்று எண்ணை மட்டும் குறித்தால் போதும். படங்களுக்கு 50 கிலோபைட், எண்களுக்கு 4 கிலோபைட். கதை முடிந்தது. அந்தச் சிறு படத்துக்குப் பெயர் டைல்.

போடிமெட்டுச் சாலையை டைலில் போட்டுப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். போடியிலிருந்து மூணாறு போகும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கிழக்கே ஓடிவரும் சாலையை வடக்கே திருப்ப ஒரு டைல். அதன் தலைக்கு மேலே, தெற்கிலிருந்து வாங்கி மேற்கே அனுப்ப இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு கொண்டை ஊசி. இடது ஓரத்துக்கு இந்த ஜோடியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப்போட்ட ஜோடி. நேர்ச்சாலைக்கு ஒன்று. ஐந்தே டைல், 17 வளைவென்ன, 170 வளைவும் போடலாம். கிளைச்சாலை, நாற்சந்தி, முட்டுச்சந்து எல்லாம் வேண்டுமென்றால், நான்கு திசையிலும் சாலை உண்டா இல்லையா என்று கணக்கிட்டால் இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16 டைல். விளையாடுபவர் சாலை போடப்போட, அக்கம்பக்கக் கட்டங்களைப் பார்த்துப் பொருத்தமான டைலைக் கணினியே எடுத்து வைத்துவிடும். ஓவியருக்குள்ள கவலையெல்லாம் ஓரங்கள் ஒட்டுகின்றனவா என்பது. பட்டுச்சேலை முந்தானைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுகிறவருக்கும் இதே கவலைதான்: பூ திரும்ப வரும் இடத்தில் ஒட்டு தெரியக்கூடாது.

பச்சைக்கு வருவோம். எல்லாமே பச்சையாக இருக்கும் மலையில் நிறத்தை நம்பிப் பயனில்லை, உருவரையை நம்ப வேண்டும். தென்னைக்கு நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரியும் மட்டைகள், மாமரத்துக்கு உருண்டைத் தலை. ஏலச்செடிக்கு அடியிலிருந்தே கிளம்பும் நீண்ட இலைகள். ஏலக்காய் காய்ப்பதோ தரையோரம் ஓடும் சரத்தில். மேலிருந்து பார்க்கிறவருக்குக் காயே தெரியாது. எனவே ஓவியர் பொய் சொல்லியாக வேண்டும். நாலு வெளிர்பச்சைப் புள்ளிகளை இலைக்கு வெளியே எடுத்துப் போட்டால், அது ஏலத்தோட்டம் என்று விளையாடுபவருக்கு நொடியில் பிடிபடும். வியூக விளையாட்டு முழுக்க இப்படிப்பட்ட பொய்கள் உண்டு. வீரன் குனியாமல் தன் வீட்டுக்குள் நுழைய முடியாது, அவ்வளவு சின்ன வீடு. யாரும் குறை சொன்னதில்லை.

நிழலுக்கு அதே பச்சையில் கறுப்பைக் கலந்தால் சேறாகிவிடும். நிழலை நீலத்தின் பக்கம் சாய்க்க வேண்டும், வெளிச்சத்தை மஞ்சளின் பக்கம். இரண்டு பச்சைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் தள்ளிப் பார்க்கும் கண் மூன்றாவது பச்சை ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். புள்ளிகளைச் சற்றுக் கலங்கலாகக் காட்டிய பழைய குழாய்த் திரைகளில் இந்த வித்தை இன்னும் நன்றாக எடுபட்டது.

வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழுவதாக வரைவது பெரும்பாலோர் வழக்கம். சிலமலையில் அது இடிக்கும். வடக்கை மேலே வைத்து நிலப்படம் போட்டால் மலை இடப்பக்கம். அதற்கும் இடமிருந்து வெயில் அடித்தால் நம் பக்கத்துச் சரிவு எப்போதும் நிழலில் கிடக்கும். ஊரில் என்றைக்கும் மாலை நான்கு மணி. காலை வெயில் மலைமேல் விழ வேண்டுமானால் வழக்கத்தை மீறி வலமிருந்து ஒளி கொடுக்க வேண்டும். நான் மீறச் சொல்வேன்.

நிலம் ஆயிற்று, நடமாட்டம் வேண்டும். இந்த வட்டாரத்துக்கு ஏற்ற வண்டி, தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப். எட்டுத் திசையில் ஓட எட்டுப் படம் தேவை. 'வார்கிராஃப்ட் 2', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' போன்றவை ஐந்து படம் வைத்துக்கொண்டு மீதி மூன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொண்டன. அதனால் கிழக்கே போகையில் வலக்கைக்காரனாக இருந்த வீரன் மேற்கே திரும்பியதும் இடக்கைக்காரன் ஆனான். நம் ஜீப்பில் ஸ்டியரிங் இடம் மாறிவிடும்; 16 புள்ளியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? தார்ப்பாய்க்கென்று நிறப்பட்டியலில் சில எண்களை ஒதுக்கி வைத்தால், அந்த எண்களின் நிறத்தை மட்டும் மாற்றி ஒரே படத்தை நீலத் தோட்டத்து ஜீப்பாகவும் சிவப்புத் தோட்டத்து ஜீப்பாகவும் ஓட்டலாம்.

தமிழர்கள் இந்த விளையாட்டு உலகுக்குள் போகாமல் இல்லை. 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-இன் புதுப்பதிப்புக்கு 2022 ஏப்ரலில் வெளியான இணைப்பில் திராவிடர் ஒரு தனி நாகரிகமாகச் சேர்ந்தனர். ராஜேந்திர சோழனின் படையெடுப்பு, உருமி என்னும் சுருள்வாள் வீரன், திரிசடை என்ற கப்பல், ஊட்ஸ் எஃகு எல்லாம் அதில் உண்டு. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த விளையாட்டின் உருவங்கள் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தவையல்ல, முப்பரிமாணத்தில் செய்து தட்டையாக்கியவை. கைவேலையின் அழகைப் பார்க்க விரும்பினால் 2001-இன் 'அட்வான்ஸ் வார்ஸ்' நல்ல பாடம். 15-க்கு 10 கட்டமே தெரியும் உள்ளங்கைத் திரையில் காடு, மலை, சாலை, டாங்கி ஒவ்வொன்றும் பார்த்ததும் புரியும்.

அரசர்களும் யானைப்படையும் வந்தாயிற்று. ஏலத்தையும் மலைச்சாலையையும் வைத்து ஒரு நிலப்படம் வரைய நீங்கள் உட்காரலாம். பிஸ்கெல், லிப்ரிஸ்ப்ரைட் போன்ற செயலிகள் இலவசம். அவையும் வேண்டாமென்றால் கணக்குப் பாடத்துக் கட்டத்தாளும் கலர் பென்சிலும் போதும். நாலு நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பெரிதாக்கிப் பார்த்து மயங்காமல், அடிக்கடி உண்மையான அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டி, என்ன என்று கேளுங்கள். "ஜீப்" என்றால் அடுத்த டைலுக்குப் போங்கள். "தீப்பெட்டியா?" என்றால் சக்கரத்துக்கு இன்னும் இரண்டு கறுப்புப் புள்ளி வையுங்கள்.