நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா? எடுத்துவிட்டால் மட்டும் போதாது!

‘நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு’ என்று எக்ஸ்ரேவைப் பார்த்து டாக்டர் சொன்னதும், வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘அதை எடுத்துட்டா சரியாயிடுமா?’ என்பதுதான். கூடவே ஒரு பயமும் வரும்: ‘ஒருதடவை ஊசி குத்தி எடுத்தா, அப்புறம் எடுத்துக்கிட்டே இருக்கணுமாமே!’ இந்த நீர் எங்கே சேர்கிறது, எதனால் சேர்கிறது என்பது புரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

எங்கே சேர்கிறது?

பேச்சுவழக்கில் நுரையீரல் நீர் என்றாலும், அது சேர்வது நுரையீரலுக்கு வெளியே. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும். மற்றொன்று விலா எலும்புகளின் உட்புறத்தில் படிந்திருக்கும். இடையில் 10 முதல் 20 மில்லி திரவம் எப்போதும் உண்டு. மூச்சு இழுத்துவிடும்போது உறைகள் உரசாமல் வழுக்கிச் செல்ல இதுதான் உதவுகிறது.

இந்தத் திரவம் தினமும் சுரக்கும். நிணநீர்க் குழாய்கள் வழியே வடியும். சுரப்பது அதிகமானாலோ, வடிகால் அடைபட்டாலோ திரவம் தேங்கிவிடும். சிலருக்கு லிட்டர் கணக்கில்கூடச் சேரும். அப்போது நுரையீரல் அமுங்கி, மூச்சு வாங்கும்.

வலி குறைந்தால் நல்லதா?

உறையில் அழற்சி ஏற்படும்போது மூச்சை இழுத்தால், இருமினால், தும்மினால் விலாப்பக்கம் சுருக்கென்று குத்தும். ‘கேஸா இருக்கும்’ என்று பலர் விட்டுவிடுவார்கள். சில நாட்களில் வலி குறையவும் செய்யலாம். ஆனால், நீர் பெருகி இரண்டு உறைகளையும் விலக்கிவிட்டதால்கூட வலி குறைந்திருக்கலாம். வலி போய், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். வறட்டு இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவது போன்றவை கூடவே இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

டாக்டர் முதுகில் விரலால் தட்டிப் பார்ப்பதற்கும் அர்த்தம் உண்டு. காற்று உள்ள இடத்தில் ‘டொம் டொம்’ என்று ஒலிக்கும். நீர் உள்ள இடத்தில் ஒலி மந்தமாகும். 1761-ல் வியன்னாவில் ஆவன்புரூக்கர் என்ற மருத்துவர் எழுதிவைத்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய சுமார் 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

நீரே சாட்சி

நீர் கோப்பது நோயின் வெளிப்பாடுதான். நோய் வேறெங்கோ இருக்கும். இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு, நிமோனியா, காசநோய், புற்றுநோய் என்று பட்டியல் நீளம். டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்தும் நீர் சேரும்; காய்ச்சல் குணமாகும்போது அது பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். இதய நோயாளிக்கு இரண்டு பக்கமும் நீர் சேர்ந்திருந்தால், பல நேரங்களில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தாலே போதும். எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது.

காரணம் தெரியாதபோதும், ஒரு பக்கம் மட்டும் நீர் சேர்ந்திருக்கும்போதும் அந்த நீரைப் பரிசோதிப்பது முக்கியம். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு லைட் 1972-ல் வகுத்த அளவுகோல் இதற்கு உதவுகிறது. நீரில் உள்ள புரதத்தையும் எல்.டி.ஹெச். என்ற நொதியையும் ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். புரதம் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் இருந்தால், உறையிலேயே பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். நீர் சீழாக இருந்தால் உடனே குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் அது கெட்டிப்பட்டு, அறுவை சிகிச்சை வரை போகலாம்.

நீர் வற்றினாலும் நோய் போகாது

நம் நாட்டில் இளம் வயதினருக்கு ஒரு பக்கம் நீர் கோத்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த நீரில் காசநோய்க் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் கிருமியைத் தேடும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஏ.டி.ஏ. என்ற நொதி 40 யூனிட்டுக்கு மேல் இருப்பதும், லிம்போசைட் அணுக்கள் மிகுந்திருப்பதும் முக்கியத் தடயங்கள். அதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால், உறையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய்ச் சந்தேகத்துக்கும் இதுவே வழி.

காசநோயால் சேர்ந்த நீர், சிகிச்சை எடுக்காமலே சில மாதங்களில் வற்றிவிடக்கூடும். ‘சரியாயிடுச்சு’ என்று தோன்றும். கிருமி மட்டும் உள்ளேயே பதுங்கியிருக்கும். இப்படி விடப்பட்டவர்களில் கணிசமானோருக்கு அடுத்த சில ஆண்டுகளில் நுரையீரலிலேயே காசநோய் வந்துவிடுகிறது. எனவே, நீர் எடுத்து மூச்சு சீரானாலும், இரண்டாவது மாதமே தெம்பு வந்தாலும், 6 மாத மாத்திரையை முழுசா முடிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சத்துணவுக்காக ‘நிக்ஷய் போஷன்’ திட்டத்தில் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது.

ஊசிக்குப் பயம் வேண்டாமே!

நோயாளியை உட்காரவைத்து, முன்னால் மேசைமேல் சாயச் சொல்லி, குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்துதான் நீர் எடுப்பார்கள். ரத்தக் குழாயும் நரம்பும் விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடுவதால், ஊசி எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செல்லும். அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செய்தால் ஆபத்து இன்னும் குறைவு. அமுங்கிய நுரையீரல் திடீரென விரிந்து வீங்கிவிடாமல் இருக்க, பொதுவாக ஒரே நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை.

நீர் மறுபடி சேர்ந்தால், அதற்கு ஊசி காரணமல்ல. மூலகாரணம் தீரவில்லை என்பதே பொருள். புற்றுநோயால் திரும்பத் திரும்பச் சேர்பவர்களுக்கும், உறைகளை ஒட்டவைப்பது, வீட்டிலிருந்தே நீரை வெளியேற்றச் சிறு குழாய் பொருத்துவது என வழிகள் இருக்கின்றன.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்:

* எதனால் நீர் சேர்ந்தது?
* எடுத்த நீரில் புரதம், அணுக்கள், ஏ.டி.ஏ., புற்றணு எல்லாம் பார்த்தாச்சா?
* அடுத்த எக்ஸ்ரே எப்போது?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரமில்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.