மொட்டை முடிஞ்சாச்சு... குரூப் போட்டோவில் பெரியம்மா முகம் எங்கே?

திருத்தணியில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து முடிஞ்சாச்சு. 365 படிகள் ஏறி இறங்கின களைப்போட சொந்தபந்தம் மொத்தமும் அடிவாரத்து மண்டபத்தில். நகரியிலிருந்து வந்த அத்தை, 'அந்தரூ ரண்டி' என்று தெலுங்கில் கூப்பிட, பந்திக்கு முன்னாடி ஒரு குரூப் போட்டோ. கேமரா உங்கள் கையில். இருப்பது ஒரே ஒரு ஃபிளாஷ்.

அதை நேராக அடித்தால் என்ன ஆகும்? தரையில் உட்கார்ந்த வாண்டுகள் வெள்ளை வெளேர். பின்வரிசை ஓரத்தில் கூச்சத்தோடு நிற்கும் பெரியம்மா இருட்டில். காரணம் தூரம்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால் பெரியம்மாவுக்குக் கிடைப்பது கால்வாசிதான். பவரை ஏற்றினால் வாண்டுகள் இன்னும் வெளுப்பார்கள், அவ்வளவுதான்.

இது சின்ன விஷயமில்லை. பின்னாளில் ஒருவருக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடே தேடும்போது, பல குடும்பங்களில் கைக்குக் கிடைப்பது இப்படியொரு குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம்தான்.

அதனால் ஃபிளாஷின் தலையை சீலிங் பக்கம் திருப்புங்கள். செங்குத்தாக வேண்டாம், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். கொஞ்சம் உங்கள் தோளுக்குப் பின்பக்கமாகச் சாய்த்தால், வெள்ளை சீலிங்கும் பின்சுவரும் சேர்ந்து ஒரு பெரிய விளக்காக மாறி, எல்லா வரிசைக்கும் ஓரளவு சமமாக வெளிச்சம் தரும். ஃபேன் இறக்கையின் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, ஷட்டர் 1/60-ல் ஆரம்பித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபம், மொட்டைத் தலை. நேர் ஃபிளாஷில் அது பல்பு மாதிரி மின்னும். சந்தனம் பூசியிருந்தால் பளபளப்பு தானாகவே குறையும் என்பது வேறு கதை! தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் விழும் வெள்ளைப் புள்ளியும் பெரும்பாலும் போய்விடும்.

சீலிங் ரொம்ப உயரமா, சுவர் பச்சை பெயின்ட்டா? பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தையும் பச்சையாக்கும். அப்போது ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ட்ரிகர் மாட்டி, உயரமான தம்பி ஒருவன் கையில் கொடுத்துப் பின்னால் அனுப்புங்கள். முன்வரிசைக்கு 6 மீட்டர், பின்வரிசைக்கு 8 மீட்டர் என்றால் பெரியம்மாவுக்குப் பாதிக்கு மேலேயே கிடைக்கும். மொத்த வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கா? அதன் ஃபிளாஷ் மூணு வரிசைக்கு எட்டாது, அணைத்துவிடுங்கள். ஜன்னலோ வாசலோ உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும், அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கட்டும். 0.5 வைடு வேண்டாம், ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாகிவிடுவார்கள்; வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வரும்.

எதில் எடுத்தாலும் அஞ்சு படமாவது எடுங்கள். ஃபிளாஷ் சார்ஜ் ஏற ஒவ்வொரு முறையும் சில விநாடி கொடுங்கள். யாராவது ஒருத்தர் கண்ணை மூடியிருப்பார். பெரும்பாலும் தாய்மாமன்.