பழைய பவர் டில்லர் வாங்கும் முன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

சந்தையில் உழவு மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். முடிந்தால் ஏரில் பூட்டியும் பார்ப்பார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பச்சைத் தோல் வாங்கும் வியாபாரி மயிர்ப்பக்கத்தை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. தோலைத் திருப்பிப் போட்டு, உரித்தபோது கத்தி பட்ட இடம் உண்டா என்று சதைப்பக்கத்தையும் பார்ப்பார். ஆனால் பழைய பவர் டில்லர் வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் புதுப் பெயிண்டையும் விற்பவர் பேச்சையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

ஏலகிரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் பவர் டில்லருக்குத் தேவை இருக்கிறது. உழவு மாடுகள் குறைந்துவிட்டன. கூலி வேலைக்கு வந்தவர்களில் பலர் தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். மலையில் உள்ள சிறு துண்டு நிலங்களிலும் படிக்கட்டு வயல்களிலும் டிராக்டர் திரும்ப இடம் இல்லை. புதிய பவர் டில்லருக்கு அரசு மானியம் உண்டு என்றாலும், மீதிப் பணத்தைப் புரட்டச் சிறு விவசாயியால் எப்போதும் முடிவதில்லை. ஆகவே பழையதைத் தேடிப் போகிறார். அதில் தவறில்லை. பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விவசாயியின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஏலகிரியில் நடந்த ஒரு பயிற்சியில், பவர் டில்லரால் ஆகும் பயன்களைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினேன். இரண்டு மாதம் கழித்து, அந்தப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். வளர்த்த ஆடுகளை விற்று, சமவெளியில் ஓரிடத்தில் பழைய பவர் டில்லர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மலைக்கு ஏற்றிய மறுநாள் காலை அது கிளம்பவில்லை.

“அங்கே ஒரே சுத்துல பிடிச்சுக்கிச்சு சார். இங்கே வந்து கை வலிக்கச் சுத்தியும் பொகைதான் வருது” என்றார்.

“நீங்க போனப்போ என்ஜினைத் தொட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, “சூடாத்தான் இருந்துச்சு. காலையிலே உழுதுட்டு வந்ததாச் சொன்னாங்க” என்றார்.

விஷயம் அதுதான். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்த என்ஜின் சூடாக இருக்கும்போது எளிதாகக் கிளம்பிவிடும். குளிர்ந்த பின்தான் அதன் நோய் வெளியே தெரியும். ரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் மாற்ற அவர் மறுபடியும் கடன் வாங்க வேண்டியதாயிற்று. பயிற்சியில் நான் பழையது வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

முதல் விதி: குளிர்ந்த என்ஜின்

விடியற்காலையில் போய்ப் பாருங்கள். “நான் வரும்வரை ஓட்ட வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் சிலிண்டர் ஹெட் மீது உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் சண்டை போட வேண்டாம். நன்றாக ஆறும்வரை காத்திருங்கள், அல்லது வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான என்ஜினைப் பார்த்து விலை பேசவே கூடாது.

கிளம்பும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, ஆயில். அளவுக் கம்பியை எடுத்து, ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். டீசல் என்ஜினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம். மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். வெயிலில் பிடித்தால் உலோகத் துகள் மின்னுமானால் பேரிங் தேய்கிறது. அளவுக்கு மேல் ஏறி, நீர்த்து, டீசல் வாடை வீசினால் டீசல் ஆயிலோடு கலக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், துருக்குழம்பாக இருந்தாலும் கவனம் தேவை.

மூன்றாவது, அழுத்தம். இதுதான் முக்கியம். என்ஜினை நிறுத்தும் லீவரை நிறுத்திய நிலையிலேயே வைத்து, டிகம்பிரஷன் லீவரை விட்டுவிட்டு, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் விரல் தப்பும். ஓரிடத்தில் கை கனமாக முட்ட வேண்டும். அங்கே அழுத்திப் பிடித்து, சற்றே தளர்த்தினால் வில் போலப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் என்ஜினில் உயிர் இருக்கிறது. முட்டாமல் தொளதொளவென்று சுற்றினால் அழுத்தம் எங்கேயோ கசிகிறது.

எங்கே கசிகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஹேண்டிலை முட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டு, கூட வந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். புகைக் குழாயில் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் புகை வெளியேறும் வால்வு சரியாக உட்காரவில்லை. காற்று வடிகட்டியில் கேட்டால் காற்று இழுக்கும் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங்கும் லைனரும் தேய்ந்துள்ளன. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது சிறிய செலவு. ரிங், லைனர் மாற்றுவது பெரிய செலவு. இரண்டையும் பிரித்து அறிந்தால் விலை பேச உதவும்.

புகை சொல்லும் சேதி

இனி என்ஜினைக் கிளப்பச் சொல்லுங்கள். எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். நல்ல என்ஜின் இரண்டு மூன்று முயற்சிக்குள் பிடித்துவிடும். குளிரில் ஓரிரு நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையானால் டீசல் முழுதும் எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இது ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்ததற்கு அடையாளம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை, அல்லது பளு அதிகம். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தாலே கரும்புகை நின்றுவிடுவதும் உண்டு.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசாக மூச்சு விடுவது போலிருந்தால் குற்றமில்லை. குப்குப்பென்று புகையாகத் தள்ளினால், பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது.

சத்தத்தையும் கேளுங்கள். ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை என்ஜின் உடலிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்தால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். சுழலும் பாகங்களில் குச்சியும் துணியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ‘டிக் டிக்’ என்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் டேப்பட் இடைவெளியால் வருவது, சரிசெய்வது எளிது. அடியில், பளு ஏறும்போது ‘டம் டம்’ என்று கனமாக இடித்தால் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வருவதே நல்லது.

வயலில் இறக்கிப் பாருங்கள்

களத்தில் நின்றபடி ஓடும் என்ஜினைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரை மணி நேரமாவது ரோட்டரி பூட்டி உழ விடுங்கள். டீசல் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். பளுவில் மூச்சுத் திணறுகிறதா, தண்ணீர் கொதிக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர் தானாகக் கழன்றுகொள்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத் திருப்பு கிளட்சுகளும் தனித்தனியே பிடித்து விடுகின்றனவா என்றும் பாருங்கள்.

இயந்திரம் இதுவரை எங்கே உழைத்தது என்று கேளுங்கள். சேற்று உழவில் ஓடியதென்றால் அச்சிலும் ரோட்டரியிலும் உள்ள ஆயில் சீல்கள் வழியே சேறும் தண்ணீரும் போயிருக்கும். கியர் பெட்டி ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். புழுதி உழவில் ஓடியதென்றால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அதன் அடியில் உள்ள ஆயில் களிமண்ணாக இறுகியிருந்தால், அந்தப் புழுதி லைனரைத் தேய்த்திருக்கும். சொந்தக்காரர் இயந்திரத்தை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு இந்த வடிகட்டியே சாட்சி.

மலை விவசாயிகளுக்கு இரண்டு வார்த்தை

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் என்ஜின் சக்தியில் நூற்றுக்கு மூன்று பங்கு குறைகிறது. ஆகவே வாணியம்பாடியில் சுமாராக இழுக்கும் என்ஜின் மலையில் இன்னும் கொஞ்சம் சக்தியை இழந்து நிற்கும். மலையின் காலைக் குளிரும் சேர்ந்தால், தேய்ந்த என்ஜின் கிளம்ப மறுக்கும். சமவெளியில் வாங்கும் மலை விவசாயி இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தமானது. சமநிலத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் பவர் டில்லர் இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகிவிடும். பிடித்த பக்கச் சக்கரம் என்ஜின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளுவதால், வண்டி எதிர்ப்புறம் திரும்பும். இது தெரியாமல் சரிவில் ஓட்டுவது ஆபத்து. இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். வாங்கிய பவர் டில்லரைப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிவர வேண்டாம். வாடகை கொடுத்துச் சிறு லாரியில் ஏற்றி வாருங்கள்.

காகிதமும் உதிரிப் பாகமும்

என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கடனில் வாங்கியதானால் கடன் தீர்ந்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். மானியத்தில் வாங்கியதானால் விற்பதற்கு நிபந்தனை உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நம் பக்கம் உதிரிப் பாகம் கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குவது நலம். மிட்சுபிஷி தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி., குபோட்டா தொழில்நுட்பத்தோடு கேரளத்தில் தொடங்கிய காம்கோ ஆகிய இரண்டும் நம் விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்தவை. பெயர் எதுவானாலும், பக்கத்து ஊர்க் கடையில் ரிங் செட் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

விலைக் கணக்கு

கேட்கும் விலை வேறு, அடக்க விலை வேறு. ஓர் உதாரணம்: ஒருவர் ரூ.60,000 கேட்கிறார், மெக்கானிக் பார்த்துவிட்டு ரூ.25,000 செலவாகும் என்கிறார். அடக்கம் ரூ.85,000. இன்னொருவர் ரூ.75,000 கேட்கிறார், செலவு ரூ.5,000 மட்டுமே. அடக்கம் ரூ.80,000. விலை கூடுதலாகத் தெரிந்ததுதான் உண்மையில் மலிவு. இதை அறிய, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். உங்கள் நிலத்துக்கு ஆண்டில் எத்தனை நாள் உழவு தேவை? சில நாட்களே என்றால் வாடகைக்கு அமர்த்துவதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையும் தனியார் வாடகை மையங்களும் இயந்திரம் தருகின்றன. பக்கத்து நிலக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதும் நல்ல வழி.

இங்கே சொன்ன என்ஜின் சோதனைகள் பவர் டில்லருக்கு மட்டும் உரியவை அல்ல. கிணற்று டீசல் பம்புக்கும், ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின் எதற்கும் பொருந்தும். வங்கதேசத்தில் விவசாயிகள் 1980களிலிருந்து நீர் இறைக்கும் டீசல் என்ஜினையே மழைக்காலத்தில் நாட்டுப்படகில் பொருத்தி ஓட்டுகிறார்கள். வயலில் நின்றுபோகும் என்ஜினால் ஒரு நாள் வேலை கெடும். நடு ஆற்றில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆடு விற்று டில்லர் வாங்கிய விவசாயியின் இயந்திரம் பழுது பார்த்தபின் ஓடத் தொடங்கியது. கடன் அடைய இரண்டு பருவம் ஆயிற்று. இப்போது அந்தப் பக்கம் யார் பழைய இயந்திரம் வாங்கப் போனாலும் அவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். அவர் பேசுவதற்கு முன் என்ஜின் மீது கையை வைத்துப் பார்க்கிறாராம். சூடாக இருந்தால், “நாளைக்கு வர்றோம்ணா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறாராம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்.