நிலக்கடலையில் நச்சுப் பூஞ்சாணம்: கண்டுபிடிக்கும் புதிய படக்கருவி

பார்வைக்கு நன்றாக உள்ள நிலக்கடலையும் ஏற்றுமதியில் தள்ளுபடியாகித் திரும்பி வருவதுண்டு. பருப்பில் உள்ள 'அஃப்ளாடாக்சின்' என்னும் நஞ்சே இதற்கு ஒரு முக்கிய காரணம். 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' போன்ற பூஞ்சாணங்கள் இதை உண்டாக்குகின்றன.

1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு தெரிய வந்தது. இது மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நஞ்சுள்ள பிண்ணாக்கைத் தின்னும் கறவை மாட்டின் பாலிலும் இதன் கூறு வெளிப்படும்.

சோதனையில் உள்ள சிக்கல்

நேரடியாக உண்ணும் கடலையில் இந்நஞ்சு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சரக்கு முழுவதும் நஞ்சு பரவியிருப்பதில்லை. பல ஆயிரம் பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் மிகுந்திருக்கும். மாதிரி எடுக்கும்போது அவை சிக்காவிட்டால் கெட்ட சரக்கும் தேறிவிடும்; சிக்கினால் நல்ல பருப்பும் சேர்த்தே தள்ளப்படும்.

கருவி செயல்படும் விதம்

ஒவ்வொரு பருப்பையும் உடைக்காமல் சோதிக்க 'ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்' கேமரா உதவுகிறது. சாதாரண கேமரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையே பதிவு செய்யும். இக்கருவியோ ஒளியை நூற்றுக்கும் அதிகமான நுண்பகுதிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் இதில் அடங்கும்.

பருப்பிலுள்ள நீர், எண்ணெய், புரதம் ஆகியவை இவ்வொளியை வெவ்வேறு அளவில் ஈர்க்கின்றன. பூஞ்சாணம் தாக்கினால் இவை மாறுபடும். திரும்பி வரும் ஒளியும் மாறும். ஓடும் பெல்ட்டில் வரும் பருப்புகளைக் கணிப்பொறி ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டதைக் காற்றைப் பீய்ச்சித் தள்ளிவிடும்.

ஆனால் இக்கருவி காண்பது பெரும்பாலும் பூஞ்சாணத்தின் அடையாளத்தைத்தான். மிக நுண்ணிய அளவிலுள்ள நஞ்சை அல்ல. உள்ளே மறைந்திருக்கும் தாக்குதல் தப்பிவிடலாம். விலையும் அதிகமாதலால் இது ஆலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் ஏற்றது. கெட்ட பருப்பை இது பிரிக்குமே தவிர நல்லதாக்காது. வறுத்தாலும் நஞ்சு முழுவதும் நீங்குவதில்லை. ஆகவே, வருமுன் காப்பதே சிறந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. காய் முதிரும் கடைசி மாதத்தில் பயிர் வாடாமல் இயன்றவரை நீர் பாய்ச்ச வேண்டும்.

2. உரிய பருவத்தில் அறுவடை செய்து, மண்வெட்டி பட்ட காய், பூச்சி கடித்த காய், சுருங்கிய காய் ஆகியவற்றைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும்.

3. ஈரப்பதம் 8 சதத்துக்கு வரும்வரை காய வைக்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும்.

4. உடைப்பதற்கு எளிது என்று காய்மீது தண்ணீர் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

5. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

6. பூஞ்சாணம் பிடித்த காயையும் பிண்ணாக்கையும் மாட்டுக்குப் போடக்கூடாது.