பெங்களூருப் பேராசிரியையும் 2142-ல் ஒரு கொலையும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ படம் 2001-ல் வெளியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, விளம்பரத்தில் வந்த கலைஞர்கள் பட்டியலைக் கூர்ந்து படித்தவர்களுக்கு ஒரு பெயர் உறுத்தியது: ஜெனீன் சல்லா, உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர். எந்தப் படத்துக்கு இப்படியொரு ஆள் வேண்டும்? பெயரை கூகுளில் தேடினால் ‘பெங்களூர் உலகப் பல்கலைக்கழகம்’ என்றொரு தளம் திறந்தது. சல்லா அங்கே பேராசிரியை. நடப்பது 2142-ம் ஆண்டு. நூல் பிடித்துக்கொண்டே போனால், ஈவன் சான் என்பவர் தன் படகில் இறந்துபோன செய்தி வரும். விபத்து என்கிறார்கள், நம்பும்படி இல்லை.

‘தி பீஸ்ட்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்த மர்ம விளையாட்டை அமைத்தது மைக்ரோசாஃப்டில் இருந்த ஜோர்டன் வைஸ்மன், ஈலன் லீ, எழுத்தாளர் ஷான் ஸ்டூவர்ட் ஆகியோரின் குழு. படத்துக்கான விளம்பரம்தான். ஆனால் ‘விளையாடத் தொடங்க இங்கே அழுத்தவும்’ என்ற பொத்தான் எங்கும் கிடையாது.

கதையைப் பல தளங்களில் பிய்த்துப் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத் தளம் பல்கலைக்கழகத் தளம் போலவே சலிப்பூட்ட வேண்டும். நிறுவனத்தின் தளம் நிறுவனம் போலவே பீற்றிக்கொள்ள வேண்டும். மர்மத் தளம் என்றதும் பனிமூட்டத்துக்கும் கதவு கிறீச்சிடும் ஒலிக்கும் செலவழிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அந்த மிரட்டல் பத்து நொடிக்கு மேல் தாங்காது. சல்லாவின் பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல் பேசியது. வந்தவரை உள்ளே இழுத்தது அதுதான்.

வேகத்தில்தான் குழு ஏமாந்தது. சில மாதங்களுக்கு என்று வைத்திருந்த புதிர்களை ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் உடைத்துவிட்டார்கள் என்று லீ பின்னர் சொன்னார். ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்ற ஆட்டக்காரர் குழுவில் மட்டும் 7,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். ஒருவருக்கு இசைக்குறிப்பு தெரியும், இன்னொருவருக்கு நிரல் தெரியும். ஆயிரம் தலைகள் சேர்ந்தால் எந்தப் பூட்டு நிற்கும்? அவர்கள் பேசுவதைப் படித்துப் படித்து, அமைத்தவர்கள் புதிர்களைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்குச் செய்தது தனியாளுக்கு ஒத்துவராது. தனியாக வருபவர் ஒரு புதிரில் சிக்கினால் யாரையும் கேட்கமாட்டார், தளத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு முதலில் மங்கலான குறிப்பு, பிறகு தெளிவான குறிப்பு, கடைசியில் விடை என்று படிப்படியாகத் தரவேண்டும். கதை ஓரிடத்தில் முட்டி நின்றால் ஆளும் நிற்கமாட்டார்.

2004-ல் ‘ஹேலோ 2’ விளையாட்டுக்காக வந்த ‘ஐ லவ் பீஸ்’ இன்னும் ஒருபடி போனது. தேன் விற்கும் தளம் ஒன்று கெட்டுப்போனதுபோல் தோன்றும். அதில் வந்த புவி ஆயத்தொலைவுகளையும் நேரங்களையும் வைத்து, மக்கள் அமெரிக்காவெங்கும் பொதுத் தொலைபேசிகளின் பக்கத்தில் மணி அடிக்கக் காத்து நின்றார்கள்.

விளையாட்டு இப்படி நிஜ உலகத்துக்குள் வருவதில்தான் ஆபத்தும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதையும் புதிராக எண்ணித் துப்பறியலாம் என்று கிளவுட்மேக்கர்ஸில் சிலர் கிளம்பினார்கள். குழுவை நடத்தியவர்கள்தான் தடுத்து நிறுத்தினார்கள். எனவே மர்மத் தளம் அமைக்க நினைப்பவர்கள் உண்மையான ஆட்களின் பெயரையோ எண்ணையோ வீட்டு முகவரியையோ கதைக்குள் வைக்காதீர்கள். முடிந்ததும் இது கற்பனை என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.