சில்லுடன் பேசும் மென்பொருள்

வீட்டின் ஒரு மூலையில் விளக்குகளைச் சிமிட்டியபடி இருக்கும் வைஃபை ரவுட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வெறும் இணைப்புப் பெட்டி என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு முழுமையான கணிப்பொறி. திரையும் விசைப்பலகையும் இல்லையே தவிர, கணக்கிடும் செயலகம், வேலைக்கான நினைவகம், மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் ஆகிய எல்லாம் அதற்குள் உண்டு. அந்த ஃபிளாஷில் பதித்து வைக்கப்பட்டுள்ள மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம்.

ரவுட்டரை விற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் ஃபர்ம்வேருக்குத் திருத்தங்கள் வெளியிடுவதை நிறுத்திவிடுவது வழக்கம். அதன்பின் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைப்பார் இல்லை. பெட்டி நன்றாக இயங்கினாலும் அதைத் தூக்கியெறிய வேண்டியதுதானா? வேண்டியதில்லை, எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேரை அதில் பதித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் இது இயலாது. ஏன் என்று காண்போம்.

கர்னலும் டிரைவரும்

கர்னல் என்றவுடன் படைத்துறைப் பதவியை நினைக்க வேண்டாம். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது இச்சொல்லின் பொருள். இயக்க மென்பொருளின் நடுப்பகுதி இது. நினைவகத்தைப் பங்கிடுவதும், வரும் தகவல் பொட்டலங்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வதும் இதன் வேலை. திறந்த மூல ரவுட்டர் ஃபர்ம்வேர்கள் பலவற்றில் இருப்பது லினக்ஸ் கர்னல்.

ஆனால் கர்னலுக்கு ஒவ்வொரு சில்லின் இயல்பும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்கும் பகுதியே டிரைவர். சில்லுக்குள் பதிவகங்கள் எனப்படும் சிறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு குறிப்பிட்ட பிட்டை 1 ஆக்கினால் விளக்கு எரியும். 0 ஆக்கினால் அணையும். வானொலிப் பகுதியை இயக்குவதற்கோ நூற்றுக்கணக்கான பதிவகங்களில் சரியான எண்களைச் சரியான வரிசையில் எழுத வேண்டும். எந்த அறையில் எதை எழுதுவது என்பது சில்லைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

பொட்டலம் வந்து சேர்வதைப் பாருங்கள். தண்ணீர் வருமுன்பே குழாயடியில் காலிக் குடங்களை வரிசையாக வைப்பார்கள் அல்லவா? அதுபோல டிரைவர் நினைவகத்தில் காலி இடங்களை முன்னதாகவே ஒதுக்கி, அவற்றின் முகவரிகளைச் சில்லுக்குச் சொல்லிவிடுகிறது. சில்லு, செயலகத்தின் உதவியின்றித் தானே அங்கே பொட்டலத்தைக் கொட்டிவிட்டு, “வந்துவிட்டது” என்று ஒரு மின் குறிப்பு அனுப்புகிறது. டிரைவர் நிரம்பிய குடத்தைக் கர்னலிடம் கொடுத்துவிட்டு, அவ்விடத்தில் காலிக் குடத்தை வைக்கிறது. இதில் தாமதம் நேர்ந்தால் பொட்டலங்கள் சிந்திப் போகும்.

ஒரு நீலப் பெட்டியின் கதை

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. 125 மெகாஹெர்ட்ஸ் செயலகம், 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் ஃபிளாஷ்: அதன் முதல் வடிவில் இருந்தவை இவ்வளவே. அதற்குள் இயங்குவது லினக்ஸ் என்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டறிந்தனர். லினக்ஸின் ஜி.பி.எல். உரிமத்தின்படி, அதை மாற்றி விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். அதே ஆண்டில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் பிறந்ததே ‘ஓபன் டபிள்யூ.ஆர்.டி.’ என்னும் திறந்த மூல ஃபர்ம்வேர்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. பிராட்காம் சில்லுக்கான வைஃபை டிரைவரின் மூலநிரல் வரவில்லை; இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட கோப்பு மட்டுமே கிடைத்தது. அது லினக்ஸ் 2.4 கர்னலுக்காக ஆக்கப்பட்டது. 2003 டிசம்பரில் 2.6 கர்னல் வந்தது. கர்னலின் உள்ளமைப்பு மாறும்போது, எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதும் மாறிவிடும். மூலநிரல் இருந்தால் திருத்தி மீண்டும் தொகுக்கலாம். இயந்திர மொழிக் கோப்போ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே வைஃபை வேண்டுவோர் பழைய கர்னலிலேயே தங்க நேர்ந்தது.

இதற்கு மாற்று வழியும் கண்டார்கள். ஒரு குழுவினர் அந்தக் கோப்பை ஆராய்ந்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று குறிப்பு எழுதினர். வேறொரு குழுவினர் அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிய டிரைவரை எழுதினர். எழுதியவர்கள் மூலக்கோப்பைத் தொடவேயில்லை. ஆதலால் நகலெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லை. இந்த டிரைவர் 2006இல் 2.6.17 கர்னலில் இடம்பெற்றது. 2008இல் ஆதராஸ் என்ற சில்லு நிறுவனம் தன் புதிய வைஃபை சில்லுகளுக்கான டிரைவரின் மூலநிரலைத் தானே வெளியிட்டது. இத்தனை உழைப்பும் அங்கே மிச்சமாயிற்று.

புதிய பெட்டிக்கு உயிரூட்டல்

மேசைக் கணிப்பொறியில் பல சில்லுகள் “நான் இன்னார்” என்று தாமே அறிவித்துக்கொள்ளும். ரவுட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் ஊமைகள். எந்தச் சில்லு எந்த முகவரியில், எந்த விளக்கு எந்தக் காலில் என்பதையெல்லாம் எழுதிக் கர்னலிடம் கொடுக்க வேண்டும். ‘டிவைஸ் ட்ரீ’ எனப்படும் இந்தக் கோப்பு, வீட்டின் மின் இணைப்பு வரைபடம் போன்றது.

சோதனையில் ஈடுபடுவோர் பெட்டியைத் திறந்து, பலகையிலுள்ள தொடர் முனையில் கம்பி இணைத்து, கர்னல் தொடக்கத்தில் எழுதும் செய்திகளைப் படிக்கிறார்கள். புதிய கர்னலை முதலில் நினைவகத்தில் மட்டும் ஏற்றிப் பார்க்கிறார்கள். தவறினால் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கலாம். ஃபிளாஷில் எழுதும்போதும் ஒரு பகுதியைத் தொடுவதில்லை. அங்கே அந்த ஒரு பெட்டிக்கே உரிய வானொலி அளவீடுகள் உள்ளன. அழிந்தால், அதே மாதிரியான வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது சரியாகப் பொருந்தாது.

எழுதி முடித்த டிரைவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பொதுக் கர்னலில் சேர்ப்பதே நல்லது. பின்னாளில் ஒருவர் கர்னலின் உட்பகுதியை மாற்றினால், அதிலுள்ள டிரைவர்களையும் உடன் திருத்தித் தர வேண்டும் என்பது அங்கு நடைமுறை. வெளியே இருக்கும் டிரைவரோ கவனிப்பாரின்றிப் பழசாகிப்போகும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கர்னல் வளர வளர இடம் போதாமல், 4 மெகாபைட் ஃபிளாஷ் மட்டும் உள்ள பெட்டிகளுக்கான ஆதரவு 2020இல் வந்த 19.07 பதிப்போடு முடிந்தது. ஆனால் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இடமன்று. சில்லைப் பற்றிய அறிவுதான்.

எனவே அடுத்த முறை ரவுட்டர் வாங்கும்போது, வேகத்தையும் விலையையும் மட்டும் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது எந்தச் சில்லு, அதன் டிரைவரின் மூலநிரல் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். அந்தப் பெட்டி எத்தனை காலம் உங்களுக்குப் பயன்படும் என்பது பெரிதும் அந்த விடையைப் பொறுத்தது.